தொழிலும் சட்டமும்: கார்டைக் கழற்றியது யார்?

பணியிடப் பாதுகாப்பு, பயிற்சி, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை குறித்து நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் அளிக்கப்படுகிறது. எழுதியவர்களின் வேலைக்கு இடையூறு நேரக்கூடாது என்பதால் பெயர்களையும் நிறுவன விவரங்களையும் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் கணவர் 14 ஆண்டுகளாகப் புழுங்கல் அரிசி ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறார். அவருக்கு வயது 40, மாதச் சம்பளம் 15,000 ரூபாய். சென்ற மாதம் தானியத்தை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடியில் அடைத்துக்கொண்ட உமியைக் கையால் எடுக்கும்போது பெல்ட்டில் விரல் சிக்கி, வலது ஆள்காட்டி விரலின் மேல்கணு போய்விட்டது. "பெல்ட்டை மூடும் பாதுகாப்புக் கார்டைக் கழற்றியது நீ, தப்பு உன்மேல், நஷ்டஈடு கேட்கக்கூடாது" என்று முதலாளி சொல்வதோடு, விளக்கம் கேட்டு மெமோவும் கொடுத்திருக்கிறார். நாங்கள் என்ன செய்வது?
— ஒரு வாசகி, அம்பாசமுத்திரம் வட்டம்

பதில்: அம்மா, முதலில் உங்கள் கணவரின் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்குத் தொழிலாளியிடம் 0.75 விழுக்காடும் முதலாளியிடம் 3.25 விழுக்காடும் பெறப்படுகிறது. பிடித்தம் இருந்தால், வேலைக்குச் செல்ல முடியாத நாட்களுக்குச் சராசரி நாட்கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும். காயம் ஆறியபின் மருத்துவக் குழு ஊனத்தின் அளவை நிர்ணயித்து, அதற்கேற்ற தொகையை வாழ்நாள் முழுவதும் வழங்க வழி செய்யும். விபத்து நடந்ததை விபத்துப் பதிவேட்டில் எழுதி, இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு விபத்து அறிக்கை அனுப்புவது முதலாளியின் கடமை. அது அனுப்பப்பட்டதா என்பதை இன்றே உறுதி செய்யுங்கள். பல குடும்பங்கள் பணத்தை இழப்பது வழக்கில் தோற்றதால் அன்று, இந்த ஒரு தாள் போகாததால்தான்.

இனி, "தப்பு உன்மேல்" என்ற பேச்சுக்கு வருவோம். இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51பி பிரிவாக இருந்து, பழைய சட்டங்களை ஒன்றாக்கிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இப்போது தொடரும் விதி இதற்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கும். விதியையோ உத்தரவையோ மீறித் தொழிலாளி ஒன்றைச் செய்திருந்தாலும், அது முதலாளியின் தொழிலுக்காகச் செய்யப்பட்ட செயலாக இருந்தால், அதில் நேர்ந்த காயம் வேலையினால் வந்த காயமாகவே கருதப்படும் என்பது அதன் சாரம். உமியை எடுத்தது ஆலை ஓடவேண்டும் என்பதற்காகத்தானே. உங்கள் கணவரின் சொந்த வேலைக்காக அன்றே.

இ.எஸ்.ஐ. இல்லாத இடமாக இருந்தால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (இப்போது அதே தொகுப்புச் சட்டத்தின் ஒரு பகுதி) பொருந்தும். அங்கேதான் முதலாளியின் வாதத்துக்குச் சிறிது இடம் உண்டு. பாதுகாப்புக்கென்று வைத்த மூடியைத் தொழிலாளி, அது எதற்கென்று தெரிந்தே, வேண்டுமென்று கழற்றினார் என்றால், மரணமோ முழு நிரந்தர ஊனமோ ஏற்படாத விபத்துகளில் இழப்பீடு மறுக்கப்படலாம். ஆனால் "வேண்டுமென்று" என்ற சொல்லை நிரூபிக்கவேண்டியவர் முதலாளி. அவசரத்திலோ கவனக்குறைவாலோ செய்தது "வேண்டுமென்று" செய்ததாகாது. மறுக்க முடியாத நிலையில் வரும் தொகையையும் சொல்லிவிடுகிறேன். சம்பளத்தில் 60 விழுக்காடு 9,000 ரூபாய். 40 வயதுக்குரிய காரணி 184.17, பெருக்கினால் 16,57,530 ரூபாய். ஆள்காட்டி விரலில் ஒரு கணு இழப்புக்கு அட்டவணை தரும் வருமானத் திறன் இழப்பு 9 விழுக்காடு. எனவே ஏறக்குறைய 1,49,178 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 விழுக்காடு வட்டியும் சேரும். இ.எஸ்.ஐ., இழப்பீட்டுச் சட்டம் இரண்டிலும் ஒரே காயத்துக்குக் கேட்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கார்டைக் கழற்றியது யார் என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்தக் கார்டிலேயே இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையில் இதே போன்ற தகராறு. தொழிலாளி அன்று காலையில்தான் கழற்றினார் என்று எழுத்தில் சொல்லப்பட்டது. நேரில் போய்ப் பார்த்தால், இரும்பு மூடி கொதிகலன் சுவரில் சாய்ந்து கிடந்தது. அதன்மேல் விரல்கனத்துக்குத் தவிட்டுத் தூசி. போல்ட் போடும் நான்கு ஓட்டைகளிலும் துரு ஏறி, ஒன்றில் சிலந்தி முட்டை. அது பல மாதங்களாகவே மாட்டப்படாத மூடி. உங்கள் கணவருடன் வேலை செய்பவர் யாரேனும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துத் தந்தால் அது பத்துச் சாட்சிகளுக்குச் சமம்.

மெமோவுக்குக் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். பெல்ட் ஓடும்போதே உமியை எடுப்பது அந்த ஆலையில் வழக்கமாக நடந்த வேலையா, நிறுத்தி எடுக்கவேண்டும் என்று எப்போதாவது சொல்லித்தரப்பட்டதா, மூடி எப்போதிலிருந்து இல்லை என்ற மூன்று செய்திகளும் பதிலில் இருக்கட்டும். "ஒரு கையெழுத்துப் போடு, மற்றதை அண்ணாச்சி பார்த்துக்கொள்வார்" என்று யார் வந்து சொன்னாலும் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடவேண்டாம்.

கேள்வி: கங்கைகொண்டான் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எவ்வளவு சொன்னாலும் ஆட்கள் ஹெல்மெட்டும் கையுறையும் போடுவதில்லை. ஒருமுறை பிடிபட்டால் 500 ரூபாய் என்று சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி நிர்வாகம் உத்தரவிட்டிருக்கிறது. இது செல்லுமா? செல்லாது என்றால் ஒழுங்கை எப்படிக் கொண்டுவருவது?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் முறையில் செல்லாது. அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது; ஆனால் கயிற்றைக் குட்டையாகக் கட்டித்தான் தருகிறது. எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்ற பட்டியல் உரிய அதிகாரியின் ஒப்புதல் பெற்று, பணியிடத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்பட்டிருக்கவேண்டும். தொழிலாளிக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும். ஒரு சம்பளக் காலத்தில் எல்லா அபராதமும் சேர்ந்து அந்தச் சம்பளத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 12,000 ரூபாய் வாங்குபவருக்கு அது 360 ரூபாய்தான். தவணையாகப் பிடிக்கவும் கூடாது. 90 நாள் கடந்தபின் பிடிக்கவும் கூடாது. வசூலான பணம் பதிவேட்டில் ஏறி, தொழிலாளர்களின் நலனுக்கே செலவாகவேண்டும். 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் இருந்த இந்தக் கட்டுப்பாடுகள் இப்போது ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கின்றன. ஹெல்மெட்டுக்கோ கையுறைக்கோ விலை பிடிக்கும் வழக்கம் உங்கள் இடத்தில் இருந்தால் அதையும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் பணம் வாங்கக்கூடாது.

அடுத்த கேள்வி கடினமானது. ஆனால் நீங்கள் கேட்டது நியாயம். தொழிலாளிக்கும் சட்டம் கடமை வைத்திருக்கிறது: தன் உயிருக்கும் பிறர் உயிருக்கும் கேடு வராமல் நடப்பது, கொடுத்த கருவியைப் பயன்படுத்துவது, ஆபத்தைக் கண்டால் தெரிவிப்பது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். அது தொழிலாளர் நீதிமன்றத்தில் நிற்கவேண்டுமானால், என் அனுபவத்தில், எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இவருக்கு இதை எந்தத் தேதியில், எந்த மொழியில், யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" பயிற்சிப் பதிவேட்டில் தேதியும், பயிற்றுநர் பெயரும், தொழிலாளியின் கையெழுத்தும் இருந்தால் பாதி வழக்கு முடிந்தது. வடமாநிலத் தொழிலாளிக்குத் தமிழில் வகுப்பெடுத்து ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்கியிருந்தால் மறுபாதியும் முடிந்தது, உங்களுக்கு எதிராக.

பயிற்சிக்குப் பிறகும் மீறினால் வாய்மொழியாக எச்சரித்து அதைக் குறித்துவைப்பது, எழுத்து எச்சரிக்கை, விளக்கம் கேட்கும் மெமோ, அதன்பின் குற்றச்சாட்டுக் குறிப்பாணை என்று படிப்படியாகப் போங்கள். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் உள்ளே நடந்துபோகும் மேலாளரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கூலிக்காரருக்கு மெமோ கொடுத்தால் அது பாரபட்சம். விசாரணையில் கட்டாயம் வெளியே வரும். இன்னொன்று: மெமோ எழுதுமுன் ஒருநாள் நீங்களே அந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ் எட்டு மணி நேரம் நின்று பாருங்கள். உள்ளே இருக்கும் வியர்வைப் பட்டை நைந்திருக்கலாம். ஒருவர் போட்டதை அடுத்த ஷிப்ட்டில் மற்றவர் போடவேண்டியிருக்கலாம். அதைச் சரிசெய்த இடங்களில் மெமோக்களின் எண்ணிக்கை தானாகக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருக்கிறேன். காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருக்கவேண்டும். உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துத் திட்டுகிறார்கள். உட்கார்வது ஒழுங்கீனமா?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பணியாளர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி தரவேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரவிடவேண்டும் என்று அது சொல்கிறது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்ததற்காகத் தண்டித்தால், தவறு தண்டித்தவருடையதே. ஆறு மாதம் பணி முடித்தவரைக் காரணமின்றி வேலையைவிட்டு நிறுத்தினால் அதே சட்டத்தின் 41ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். வாரம் ஒருநாள் விடுமுறையும் உங்களுக்கு உண்டு. 1908 பிப்ரவரி 27 அன்று, அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்துத் தூத்துக்குடியில், கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யின் துணையோடு வேலையை நிறுத்தியபோது கூலி உயர்வோடு வாரவிடுமுறையையும் கேட்டார்கள். நம் மண்ணில் கேட்டுப் பெற்ற ஒன்றை இன்னொரு நூற்றாண்டில் மறுபடியும் கேட்கவேண்டியிருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: ரசாயனக் கழிவு நீர்த் தொட்டிக்குள் இறங்கிச் சேற்றை அள்ளச் சொன்னார்கள். மூச்சடைக்கும் என்று மறுத்தேன். "மேலதிகாரி உத்தரவை மீறினாய்" என்று சஸ்பெண்ட் செய்து, விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. போகலாமா, போகாமல் இருக்கலாமா?
— ஒரு வாசகர், சங்கரன்கோவில் வட்டம்

பதில்: கட்டாயம் போங்கள். போகாவிட்டால் நீங்கள் இல்லாமலேயே விசாரித்து முடிவெடுக்க வழி ஏற்பட்டுவிடும்.

உத்தரவை மீறுவது ஒழுங்கீனம்தான். ஆனால் அந்த உத்தரவு சட்டத்துக்கு உட்பட்டதாகவும் நியாயமானதாகவும் இருக்கவேண்டும். தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, நச்சு வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் போன்ற அடைபட்ட இடங்களைப் பற்றித் தெளிவாகப் பேசியது. வாயுவை அகற்றி, தகுதியுள்ளவர் நேரில் சோதித்து, உள்ளே போகலாம் என்று எழுத்தில் சான்று தரவேண்டும். இல்லையென்றால் மூச்சுக்கருவியும் இடுப்பில் பெல்ட்டும் கட்டி, அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும், உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையைத் தருகிறது. ஆபத்து உண்டு என்று கண்டால் முதலாளி உடனே சரிசெய்யவேண்டும். இல்லை என்று கருதினால் விஷயத்தை ஆய்வாளரிடம் அனுப்பவேண்டும். இரண்டையும் செய்யாமல் உங்களைச் சஸ்பெண்ட் செய்தது ஏன் என்பதே உங்கள் பதிலின் நடுப்புள்ளி.

கழிவறைத் தொட்டியோ பாதாளச் சாக்கடையோ என்றால் சட்டம் இன்னும் கடுமையானது. அவற்றில் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அடியோடு தடைசெய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கு இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது.

விசாரணையில் கவனிக்கவேண்டியவை சில. குற்றச்சாட்டு என்ன, எந்தத் தேதி, எந்த நேரம், யார் உத்தரவிட்டார் என்பது குறிப்பாணையில் தெளிவாக இருக்கவேண்டும். இல்லையென்றால் முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். விசாரணை அதிகாரியே சாட்சியாகவும் இருக்கக்கூடாது. நிர்வாகத்தின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், உங்கள் பக்கச் சாட்சிகளை அழைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. வாயுச் சோதனைச் சான்றிதழ், மூச்சுக்கருவி வழங்கிய பதிவு, தொட்டி வேலைக்கு உங்களுக்குப் பயிற்சி தந்த பதிவு ஆகிய மூன்றையும் கொண்டுவரும்படி மனுக் கொடுங்கள். கொண்டுவந்தால் பார்க்கலாம், கொண்டுவராவிட்டால் அதுவே உங்களுக்குச் சாதகம். ஒவ்வொரு நாளும் நடவடிக்கைக் குறிப்பைப் படித்துப் பார்த்தபின் கையெழுத்திட்டு, நகல் வாங்குங்கள்.

சஸ்பெண்ட் காலத்தில் பட்டினி கிடக்கவேண்டியதில்லை. பிழைப்பூதியம் முதல் 90 நாட்களுக்குப் பாதிச் சம்பளம். தாமதம் உங்களால் ஏற்படாதபோது அதன்பின் 75 விழுக்காடு. தமிழ்நாட்டில் இதற்கென 1981ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. கடைசியில் வேலைநீக்கமே செய்தாலும், தண்டனை குற்றத்துக்கு மிஞ்சியதா என்று பார்த்துக் குறைக்கவோ நீக்கவோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. முதலில் சமரச அலுவலரிடம் மனுக் கொடுங்கள். 45 நாட்கள் கடந்தும் முடிவு வராவிட்டால் வழக்காகக் கொண்டுபோகலாம். நாளைக் கடத்தாதீர்கள்.

கேள்வி: கல்குவாரிக்கும் இதே தொழிற்சாலை ஆய்வாளர்தானா?
— ஒரு வாசகர், முன்னீர்பள்ளம்

பதில்: இல்லை. குவாரி, சட்டத்தின் கண்ணில் சுரங்கம். தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகமே அதற்குப் பொறுப்பு. புதிதாகச் சேருபவரைப் பயிற்சி தராமல் வேலைக்கு இறக்கக்கூடாது என்று 1966ஆம் ஆண்டுச் சுரங்கப் பயிற்சி விதிகள் சொல்கின்றன. பாறையைச் செங்குத்தாகக் குடையாமல் படிப்படியாக வெட்டவேண்டும் என்பதும் விதி. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளத்தில் இரவில் பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்ததை உங்கள் பக்கத்து ஊர்க்காரருக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

கேள்வி: பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்த என் மகன் ஓரிடத்தில் அப்ரண்டிஸாக இருக்கிறான். நிரந்தர ஆட்களைப்போல ஓவர்டைம் பார்க்கச் சொல்கிறார்கள். அடிபட்டால் யார் பொறுப்பு?
— ஒரு தந்தை, திருநெல்வேலி

பதில்: 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி உங்கள் மகன் கற்றுக்கொள்பவர், தொழிலாளி அல்லர். ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் அவருக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் வேறுபாடு இல்லை. அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளிக்கே. அரசின் பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் ஓவர்டைம் பார்க்க வைக்கக்கூடாது. ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவே இல்லாமல் "அப்ரண்டிஸ்" என்று வாயால் மட்டும் அழைத்து முழு வேலை வாங்கினால், தொழிலாளிக்குரிய சம்பளம் கேட்கலாம்.

கேள்வி: எட்டுப் பேரை வைத்து லேத், வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். எனக்கும் இந்தச் சட்டங்கள் எல்லாம் உண்டா? பத்துப் பேருக்குக் கீழே என்றால் ஒன்றும் இல்லை என்று ஆடிட்டர் சொல்கிறார்.
— ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: உங்கள் ஆடிட்டர் சொன்னது கால் உண்மை. மின்சக்தியோடு பத்துப் பேர் என்றிருந்த தொழிற்சாலை வரையறை புதிய தொகுப்புச் சட்டத்தில் இருபதாகிவிட்டது, இ.எஸ்.ஐ.க்கும் பத்து வேண்டும். ஆனால் அதனாலேயே உங்கள் சுமை கூடுகிறது. இ.எஸ்.ஐ. இல்லாத பட்டறையில் ஒருவருக்கு அடிபட்டால் இழப்பீடு முழுவதும் உங்கள் கைப்பணம். ஆள் எண்ணிக்கை குறைவு என்பது இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து உங்களைக் காக்காது. இறப்பு நேர்ந்து உங்கள் அலட்சியம் காரணம் என்று வந்தால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. இழப்பீட்டுக்கான காப்பீட்டுப் பாலிசி ஒன்றை எடுத்துவிடுங்கள். எட்டுப் பேருக்கு அதன் பிரீமியம் ஒரு விரலின் விலையோடு ஒப்பிட்டால் மிகவும் சிறியது.

பதிவேடு வைக்கச் செலவாகுமே என்று நினைக்கவேண்டாம். நாங்குநேரிப் பக்கம் ஒரு பட்டறையில் சுவரில் ஆணியடித்து ஒரு நாற்பது பக்க நோட்டைத் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்தேன். புதிய பையன் வந்தால் முதல்நாள் கிரைண்டரைத் தொடவிடுவதில்லை. கல் மாற்றுவது, கண்ணாடி போடுவது, சட்டைக் கையை மடித்துக் கட்டுவது, தீப்பொறி எந்தப் பக்கம் தெறிக்கும் என்பது ஆகியவற்றை மூத்த தொழிலாளி காட்டிக்கொடுத்தபின், பையன் தன் கையாலேயே "பார்த்தேன், செய்து காட்டினேன்" என்று எழுதிக் கையெழுத்திடவேண்டும். எழுத்துக்கூட்டி எழுதிய வரிகள். சில பக்கங்களில் கிரீஸ் விரல் பதிந்திருந்தது. முதலாளிக்குச் சட்டப் பிரிவு ஒன்றும் தெரியாது. "பெத்தவன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்ல?" என்று மட்டும் சொன்னார். நீதிமன்றத்தில் நான் பார்த்த பல அச்சிட்ட படிவங்களைவிட அந்த நோட்டு எடையுள்ளது. அதேபோல் ஒரு நோட்டை நாளைக் காலையில் வாங்கி மாட்டுங்கள். முதல் பக்கத்தில் இப்போது இருக்கும் எட்டுப் பேரும் எழுதட்டும்.